மேல் நோக்கிய விளக்கு

பொம்மையனுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. குனிந்து செருப்பை மாட்டக்கூட முடியவில்லை. ஆனாலும் கத்திரிக்காய் மூட்டை மூன்றையும் அவனேதான் தூக்கி மொபெட் வண்டியில் கட்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டக்காரன் தூக்கிவிட மாட்டான், கயிறு வேண்டுமானால் தருவான்.

இடுப்பு போனது போன மாசம். வேடசந்தூர் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டிய குழிக்குள் விடியக்காலையில் வண்டியோடு இறங்கிவிட்டான். பழைய வண்டி, மஞ்சள் பல்பு. முன் சக்கரத்துக்கு அந்தாண்டை என்ன இருக்கிறதென்று முருகனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு எதிரே பால் கேனோடு வந்த மிக்கேல்ராஜ்தான் மொபெட்டை நிறுத்திவிட்டு அவனை மேலே இழுத்துப் போட்டான். உருண்ட மூட்டைகளைப் பொறுக்கிக் கட்டி, ஆட்டோ பிடித்து ஏற்றியும் விட்டான். அதற்குள் பால் சொசைட்டி வேன் கிளம்பிவிட, அவனுடைய அன்றைய பால் வீணாய்ப் போயிற்று. "போகட்டும்ணே, சாமி குடிச்சிருச்சுன்னு நெனச்சுக்கிறேன்" என்றான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இடுப்பு கொஞ்சம் நிமிர்ந்ததும் பொம்மையன் திண்டுக்கல்லில் பீர் முகமது கடைக்குப் போனான். பீர் முகமது வண்டிக்கு வயரிங் பார்க்கிறவர். வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்று, கம்பியில் மாட்டுகிற சின்ன விளக்கு இரண்டு, எல்லாம் சேர்த்து எண்ணூறு. மாட்டுக்கூலி நூற்றைம்பது.

"கூலிய விடுங்க, நானே மாட்டிக்கிறேன்."

"மாட்டுறது பெரிய வித்தையில்லண்ணே. மூட்டைய ஏத்திக்கிட்டு வாங்க, வெளிச்சத்தச் செவுத்துல அடிச்சுப் பாத்து எறக்கி வெச்சுத் தாரேன். வெறும் வண்டியில வெச்சா பாரம் ஏறுனதும் மூஞ்சியத் தூக்கிரும்."

"நூத்தம்பது ரூவா புடுங்க பாய்க்கு ஒரு சாக்கு."

பீர் முகமது சிரித்துவிட்டு ஸ்குரூவை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுச் சுவரில் வெளிச்சம் இடுப்பளவுக்கு விழும்படி பொம்மையன் வைத்தான். வெறும் வண்டிதான். அவன் பெண்சாதி மாயக்காள் எட்டிப் பார்த்து, "கல்யாண வீடு மாதிரியில்ல இருக்கு" என்றாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் விடியுமுன் மூன்று மூட்டை ஏறியதும் வண்டி பின்னால் குந்திக்கொண்டது. முன்னால் மூன்று விளக்கும் வேப்பமரக் கிளையைக் காட்டின. ரோடும் தெரிந்தது, அது போதும் என்று கிளம்பிவிட்டான். எதிரே ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம் வந்தது. ஆடியது. அப்புறம் இல்லை. பின்னாலேயே கேன் உருளுகிற சத்தம்.

அந்தச் சத்தம் யாருடையதென்று அவனுக்குத் தெரியும். தினமும் அந்த நேரத்துக்கு அந்த ரோட்டில் பால் கேனோடு வருகிறவன் ஒருத்தன்தான். பொம்மையன் வேகத்தைக் குறைத்தான். நிறுத்தினால் மூட்டை சாயும், ஒற்றை ஆளாய்த் திரும்பத் தூக்க இடுப்பு விடாது, காலை அஞ்சு மணி தாண்டினால் கமிஷன் கடையில் காய்க்குப் பாதி விலைதான். பின்னாலே மில் பஸ் வருமே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

சாயங்காலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தான். மிக்கேல்ராஜுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிருந்தது. மில் பஸ் வர அரை மணி ஆனதாம்.

"எந்தப் புண்ணியவானோண்ணே. வெள்ளையா ஒண்ணு கண்ணுல அடிச்சுச்சு, அம்புட்டுத்தான். நிக்கக்கூட இல்ல." அவன் வலியோடு சிரித்தான். "எல்லாப் பயலும் ஒங்க வண்டி மாதிரி மின்மினிப்பூச்சி வெச்சு ஓட்டுனா நான் ஏன் விழப்போறேன்?"

பொம்மையன் வாயைத் திறந்தான். "சாப்டியாப்பு?" என்றான்.

மிக்கேல்ராஜின் பெண்சாதி ஜெஸ்ஸி வெளிவராந்தா வரைக்கும் கூடவே வந்தாள். "அண்ணே, இவுக கால் ஊனுற வரைக்கும் பால மட்டும் சொசைட்டில போட்டுருங்க. வேற ஆளு போனா நமக்குப் பால் ஊத்துற வாடிக்கையப் புடிச்சுக்குவாங்க. வேற யாருகிட்ட நான் கேக்க?"

சரியென்றான்.

மறுநாள் இருட்டோடு காய் இறக்கப் போகும்போது மூட்டையோடேயே பீர் முகமது கடையில் நிறுத்தி, உள்ளே படுத்திருந்தவரை எழுப்பினான். அவர் சுவரில் அடித்துப் பார்த்தார். "இப்பிடி வெச்சா எதுக்க வாரவன் என்னத்தண்ணே பாப்பான்?" ஸ்குரூவை இரண்டு சுற்றுச் சுற்றினார். வெளிச்சம் இறங்கி ரோட்டில் படுத்துக்கொண்டது. இரண்டே சுற்று. நூற்றைம்பதைக் கொடுத்தான்.

இப்போதெல்லாம் முதலில் பால், அப்புறம்தான் மூட்டை. ஒரு கேன் நசுங்கிப்போய் மூடி சரியாக உட்காராமல் வழி நெடுக லொடலொடவென்று அடிக்கிறது. முதல் நாள் கேனை ஏற்றும்போதே ஜெஸ்ஸி விளக்கைப் பார்த்துவிட்டாள்.

"புது லைட்டாண்ணே? நல்லதாப் போச்சு. பாத்துப் போங்க, ரோட்டுல கண்ணவிஞ்ச பயலுக திரியிறாங்க."

பெட்ரோலுக்கென்று அவள் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டான். "அண்ணன் மாதிரி யாரு இருக்கா" என்று அவள் ஊரெல்லாம் சொல்கிறாள்.

மிக்கேல்ராஜ் வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடக்கிறான். பொம்மையன் தினமும் காலிக் கேனை வைத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுகிறான். விளக்கு என்னுது, நிக்காமப் போனவன் நான்தான் என்று அவனிடம் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.