எல்லை வசனத்துக்கு நாலு மொழிபெயர்ப்பு

வேதம் படிக்க என்ன புத்தகம் வாங்கலாம் என்று எங்கள் தேவாலயத்தில் யாராவது கேட்டால், போதகர்கூட என்னைத்தான் கைகாட்டுவார். "சிமியோன் ஐயாவைக் கேளுங்கோ" என்பார். நானும் வந்தவரை லேசில் விடமாட்டேன். முதலில் எழுத்தின் அளவைப் பார். பிறகு தாளைப் பார், மறுபக்கத்து மை தெரியக்கூடாது. காதுக்குப் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, விளங்குவதற்குப் புதியது ஒன்று. இரண்டையும் வாய்விட்டு வாசித்த பிறகுதான் விளக்கவுரையைத் தொடலாம். சொல்லடைவு கட்டாயம் வேண்டும், ஒரு சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று அது காட்டித்தரும். இப்படியே அரை மணித்தியாலம் போகும். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில், காணிப் பகுதியில், முப்பத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். எதையும் ஒழுங்குமுறையாகச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் வீடு கொக்குவிலில், ரயில் பாதையிலிருந்து இரண்டாவது ஒழுங்கை. விடிய ஐந்தரைக்கு எழும்பி, கிணற்றடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு பால் விடாத பிளேன்ரீயோடு உட்காருவேன். என் முறைப்படி உரத்துத்தான் வாசிப்பேன். எனக்கு நேரே பக்கத்து மதில். மதிலுக்கு அங்காலே நல்லம்மாவின் வளவு. அவர் சைவம், அந்த நேரம் சுவாமிக்குப் பூப்பறிப்பார். இருபது வருடத்துக்கு மேலாக இப்படி, ஒரு நாளும் சண்டை சச்சரவு வந்ததில்லை.

போன பங்குனியில் மோசேயின் சட்டங்களுக்கு வந்தேன். அங்கே நடுவில் ஒரு வசனம் இருக்கிறது. முன்னோர் போட்ட எல்லையைத் தள்ளி வைத்து அயலானின் காணியை எடுக்காதே என்பது அதன் சாரம். எத்தனை தரம் வாசித்துக் கடந்திருப்பேன்! அன்றைக்கு ஏனோ வாசித்து முடித்து நிமிர்ந்தேன். கண் நேரே போய் மதிலில் விழுந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது.

சொல்லிவிடுகிறேன். அந்த மதில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

தொண்ணூற்றைந்து யுத்த இடப்பெயர்வில் ஊரே எழும்பிப் போனது. நாங்கள் சாவகச்சேரியில் ஆறு மாதம் கிடந்துவிட்டுத் திரும்பினோம். நல்லம்மாவும் அவர் கணவர் அருளம்பலமும் வன்னிக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் நடுவில் இருந்த வேலி இல்லை, யாரோ விறகுக்கு முறித்திருந்தார்கள். கதியால் கம்புகள் நின்ற குழிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. நான் புது வேலி போட்டேன். அந்தக் குழிகளில் போடவில்லை, இரண்டரை அடி அங்காலே தள்ளிப் போட்டேன். என் மனைவி அற்புதராணிதான் கயிற்றின் மற்ற முனையைப் பிடித்தாள். "இஞ்சருங்கோ, பழைய குழி இஞ்சாலை எல்லோ" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். "நீ கயித்தைப் பிடி" என்றேன். பிடித்தாள்.

எதற்கு இரண்டரை அடி? வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் இடையால் ஒரு கார் பின்வளவுக்குப் போகவேண்டுமாம். என்னிடம் அன்றைக்கும் கார் இல்லை, இன்றைக்கும் இல்லை. இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று பாதை திறந்து சனம் வன்னியிலிருந்து வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், இரவு நித்திரை இல்லாமல் ஓடித் திரிந்து ஒரு மேசனைப் பிடித்து, வேலி நின்ற இடத்தில் மதிலையே கட்டிவிட்டேன். அடுத்த வருடம் நல்லம்மா விதவையாக வந்தார். வளவு காடு பற்றிக் கிடந்தது. அவர் மதிலைப் பார்த்து, "நல்ல வேலை அண்ணை, எனக்கு வேலி அடைக்கிற கரைச்சல் இல்லை" என்றார். நான் தலையாட்டினேன். கார் போகவேண்டிய இடத்தில் ஒரு மாதுளங்கன்றை நட்டேன். காய்க்கத் தொடங்கியதும் வருடம் தவறாமல் அவருக்குப் பழம் கொடுத்தனுப்பினேன். அவருடைய நிலத்தில் விளைந்ததை அவருக்கே தானம் கொடுத்து, "நல்ல மனுசன்" என்று பெயரும் வாங்கினேன். இதை எழுதும்போதுகூட காது சுடுகிறது.

சரி, வசனத்துக்கு வருவோம். பழைய மொழிபெயர்ப்பு என்னை இடறிவிட்டதும், புதியதை எடுத்தேன். அதில் இன்னும் மோசம், பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட விளங்கும்படி இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். அங்கே புத்தகக்கடை வைத்திருக்கும் கனிசியஸ் குருநகர்க் கத்தோலிக்கன், அவனுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

"என்ன ஐயா, ரெண்டு இருக்கெல்லோ. எல்லாத்திலையும் ஒரே விசயம்தானே" என்றான்.

"சொல் வித்தியாசப்படும் தம்பி. ஆராய்ச்சிக்கு வேணும்" என்றேன்.

ஆராய்ச்சி! கத்தோலிக்கப் பதிப்பொன்றும், அண்மையில் வந்த இன்னொரு மொழிபெயர்ப்பும் வாங்கினேன். நாலிலும் எல்லை எல்லையாகவே இருந்தது. ஒருவராவது கொஞ்சம் தளர்த்தி எழுதியிருக்கக்கூடாதா என்று மொழிபெயர்த்தவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்தது. பிறகு விளக்கவுரை. இரண்டு தொகுதி, ஒவ்வொன்றும் செங்கல்லுக் கனம். அதில் பார்த்தால், இந்தச் சட்டம் இஸ்ரவேல் கோத்திரங்களுக்குப் பங்கிட்ட நிலத்தைப் பற்றியது என்று ஒரு வரி இருந்தது. அப்பாடா! கொக்குவிலை எந்தக் கோத்திரத்துக்கும் பங்கிடவில்லையே. அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஆனால் கிளாக்கர்ப் புத்தி சும்மா இருக்குமா? சொல்லடைவைத் திறந்து 'எல்லை'யைத் தேடினேன். சட்டத்தில் மட்டும் இல்லை. நீதிமொழிகளில் இரண்டு இடம், யோபுவில் ஓர் இடம், ஒரு தீர்க்கதரிசியிடம் ஓர் இடம். சாபப் பட்டியல் ஒன்றிலும் இருந்தது. எல்லையைத் தள்ளுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று சொல்ல, சனமெல்லாம் ஆமென் சொல்லவேண்டுமாம். அதையும் நாலு மொழிபெயர்ப்பிலும் உரத்து வாசித்தேன். பழக்கதோஷம், கடைசியில் என் வாயே "ஆமென்" என்றது. கிணற்றடி முழுக்கக் கேட்டிருக்கும்.

ஒன்பதாம் நாள் காலை நல்லம்மா எங்கள் கேற்றைத் தட்டினார். கண் வீங்கியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"சிமியோன் அண்ணை, உங்களுக்கு என்னிலை கோவமெண்டால் நேரை சொல்லியிருக்கலாம். உப்பிடிச் சாடையாய்ச் சொல்லத் தேவையில்லை."

எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கோழியைத் திட்டினால், அது அந்தப் பக்கத்து ஆளுக்கு. அதுதான் சாடை. நான் திருதிருவென்று முழித்தேன்.

"நான் எங்கை நல்லம்மா சாடை சொன்னனான்?"

"ஒன்பது நாளாய் மதிலைப் பாத்து வாசிக்கிறியள். எல்லையைத் தள்ளாதை, எல்லையைத் தள்ளாதை எண்டு. ஒரு நாள் பழைய தமிழ், அடுத்த நாள் புதுத் தமிழ். எனக்கு விளங்காமல் போயிடுமெண்டோ மாத்தி மாத்தி வாசிக்கிறியள்? நேற்றுச் சாபமும் போட்டு ஆமெனும் சொன்னியள்."

பிடிபட்டேன் என்றுதான் நினைத்தேன். கடவுளே, ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"எனக்குத் தெரியும் அண்ணை. தொண்ணூற்றிமூண்டிலை வேலி அடைக்கேக்கை என்ரை இவர் உங்கடை பக்கம் ஒரு சாண் தள்ளிக் கதியால் போட்டவர். நீங்கள் கச்சேரிக்குப் போயிட்டியள். நான் தேத்தண்ணி கொண்டுபோகேக்கை கண்டனான். என்னப்பா இது எண்டு கேட்டதுக்கு, பொத்து வாயை எண்டார். பொத்தினன். முப்பது வருசமாய்ப் பொத்திக்கொண்டிருக்கிறன். வன்னியிலை, மல்லாவியிலை காய்ச்சலிலை கிடக்கேக்கையும் மனுசன் இதைத்தான் சொல்லிப் புலம்பினது, அந்தச் சாண், அந்தச் சாண் எண்டு. செத்த ஆளுக்குச் சாபம் போடாதேங்கோ அண்ணை. ஒரு சேவயரோடை கதைச்சுப்போட்டன். வியாழக்கிழமை வருவார். காணி உறுதியைப் பாத்து அளந்து உங்கடை நிலத்தை எடுங்கோ. மதிலை நான் திரும்பக் கட்டித் தாறன்."

நில அளவையாளர் வருகிறார் என்றதும் எனக்குப் பயம் பிடித்தது. அளந்தால் என்ன தெரியும் என்பது காணிப் பகுதியில் இருந்தவனுக்குச் சொல்லவேண்டுமா? வாய் தானாகத் திறந்தது.

"சேச்சே, என்ன கதை கதைக்கிறியள்! சேவயர் ஒண்டும் வேண்டாம். ஒரு சாண் நிலம் பெரிசே? செத்த மனுசனிலை எனக்கென்ன கோவம். நான் எப்பவோ மன்னிச்சிட்டன்."

மன்னித்துவிட்டேன் என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் கழித்துப் பார்த்தது. இரண்டரை அடியில் ஒரு சாண் போனால் மீதி ஒன்றே முக்கால். அவ்வளவுதான் என் களவு என்று ஒரு திருப்தி! இதற்கெல்லாம் செருப்பால் அடிக்கவேண்டும்.

நல்லம்மா கைகூப்பினார். கண்ணீர் ஓடியது. "வேதம் படிச்ச மனுசன் எண்டால் இதுதான் அண்ணை" என்றார். நான் போய் மாதுளையில் இரண்டு பழம் பறித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பினால், குசினி வாசலில் அற்புதராணி. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"மன்னிச்சனியளோ?" என்றாள்.

அவ்வளவுதான். சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். கத்திச் சண்டை பிடித்திருந்தால் நானும் நாலு கத்துக் கத்தி ஆறியிருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை.

நல்லம்மா இதை ஒழுங்கைக் கடையில் சொல்லியிருக்கிறார். கடையிலிருந்து எங்கள் தேவாலயத்துக்கு வர எவ்வளவு நேரம்? ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், "அயலவரின் குற்றத்தைக் கேட்ட அந்த நிமிடமே மன்னித்த ஒரு சகோதரர் நம் நடுவில் இருக்கிறார்" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தேன். அதையும் தாழ்மை என்றே எடுத்திருப்பார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், றஜிதா நின்றாள். புதிதாகக் கலியாணம் முடித்த ரீச்சர், கையில் கொப்பியும் பேனையும்.

"ஐயா, நானும் ஒழுங்காய் வேதம் படிக்கத் தொடங்கப்போறன். எந்தப் புத்தகம் வாசிச்சு உங்களுக்கு இப்பிடி ஒரு மனம் வந்தது? பேரைச் சொல்லுங்கோ, அதைத்தான் வாங்கப்போறன்."

அரை மணித்தியாலம் பேசுகிற எனக்கு ஒரு சொல் வரவில்லை. எழுத்தின் அளவு, தாள், சொல்லடைவு, ஒன்றும் வரவில்லை. பிள்ளை பேனை மூடியைக் கழற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறது. அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. "பிறகு சொல்லுறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தேன்.

வீட்டுக்கு வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை. அலுமாரியைத் திறந்து காணி உறுதியை எடுத்தேன். அளவு நாடாவைத் தேடினேன். அற்புதராணி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நானும் வாறன்" என்றாள். "கயித்தின்ரை மற்ற முனையை நான்தானே பிடிச்சனான்."

நல்லம்மா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சந்தோசமாகக் கதிரை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். இரண்டரை அடி என்றேன். பழைய குழிகளைக் கண்ணால் கண்டுதான் தள்ளினேன் என்றேன். நீங்கள் வருவதற்குள் முடிக்கவேண்டும் என்றுதான் மதிலைக் கட்டினேன் என்றேன். ஒன்பது நாளும் உங்களுக்குச் சாடை சொல்லவில்லை, எனக்கு ஒரு வழி கிடைக்குமா என்றுதான் தேடினேன் என்றேன். நில அளவையாளரைப் பற்றிக் கேட்டதும் பயந்துதான் மன்னித்துவிட்டதாகச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். மண்ணள்ளித் தூற்றினால்கூட நின்று வாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. கையில் ஒட்டியிருந்த மிளகாய் விதைகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். முகம் மட்டும் மெல்ல மெல்லக் கறுத்தது.

"அப்ப அண்டைக்கு நீங்கள் எங்களுக்கு என்னத்தை அண்ணை மன்னிச்சனியள்?" என்றார்.

நான் அற்புதராணியைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

நல்லம்மா எழும்பி உள்ளே போனார். அந்த இரண்டு மாதுளம்பழத்தையும் கொண்டுவந்தார். சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார் போல, ஒன்றில் திருநீறு ஒட்டியிருந்தது. இரண்டையும் என் கையில் வைத்தார்.

"சேவயரை வேண்டாமெண்டு நிப்பாட்டிப்போட்டன். இனித் திரும்பக் கூப்பிடுறன். எங்கடை நிலத்தை நாங்கள் எடுக்கிறம். இவர் எடுத்த சாணையும் சரியாய் அளந்து நீங்கள் எடுங்கோ, ஒரு விரல்கூட விடாதேங்கோ. உங்களிட்டை எங்களுக்கு மன்னிப்பு ஒண்டும் வேண்டாம்."

"ஓம்" என்றேன்.

"வாற வியாழக்கிழமை வீட்டிலை நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் மிளகாயைக் கிளறக் குனிந்தார். நாங்கள் கேற்றைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம்.