திரும்பி வராத ஒன்றுக்குப் பெயர்

தெஹ்ரானில், அமைச்சகக் கட்டடத்தின் நான்காம் மாடியில், செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்குப் பெயர்க் குழு கூடும். அதில் நான் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஏவுகணையோ படகோ ஆளில்லா விமானமோ, எது செய்து முடிந்தாலும் அதற்கு நாங்கள் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். செய்கிறவர்களுக்கு எண் போதும். அதைத் தொலைக்காட்சியில் காட்ட நினைப்பவர்களுக்குத்தான் பெயர் தேவைப்படுகிறது.

என் தொழில் அகராதி தொகுப்பது. பழைய சொற்கள் தெரிந்த ஆள் என்று என்னைச் சேர்த்தார்கள். ஆனால் நான் போவதற்கு முன்பே இடி, மின்னல், பூகம்பம், புயல் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. பிறகு பறவைகள். புறா பறக்கும் உயரத்துக்கு மேல் எழும்ப முடியாத ஒன்றுக்கு ராஜாளியின் பெயரை வைத்துக் கைதட்டியிருக்கிறோம். இதில் எங்களை மட்டும் இளக்காரமாக நினைக்கத் தேவையில்லை. ஒரு நாடு தான் விரட்டி அழித்த பழங்குடிகளின் பெயரைத் தன் ஹெலிகாப்டர்களுக்கு வைத்திருக்கிறது. இன்னொரு நாட்டின் பீரங்கிகளுக்குப் பூக்களின் பெயர். அந்த அறைகளிலும் நடுவில் ஒரு நீள மேசை இருந்திருக்கும், யாரோ தேநீரை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டியிருப்பார்கள்.

பறவைகளும் தீர்ந்தபின் தியாகிகளிடம் வந்தோம். எட்டு வருடப் போரில் செத்த பிள்ளைகள் எங்களுக்குக் கணக்கற்றுக் கிடைத்தார்கள். தெருவுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, மேம்பாலத்துக்கு வைத்தது போக மிச்சம் இருந்தார்கள். இதற்கு மட்டும் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று ஒரு விதி. அந்தச் சம்மதத்தை வாங்கிவரும் வேலை எனக்கு. மரியாதையாகப் பேசுவேன் என்பதால் கொடுத்தார்கள். பதினொரு வீடுகளுக்குப் போனேன். பதினொரு படிவங்களிலும் ஒரே வரியை என் கையால் எழுதினேன்: "குடும்பத்தார் மகிழ்வுடன் இசைந்தனர்."

பன்னிரண்டாவது பெயர் என் தம்பியுடையது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேசையில் புதிய ட்ரோன் ஒன்றின் படம் இருந்தது. போகும், வெடிக்கும், அவ்வளவுதான். தலைவர் சர்தார் ஸர்ராபி ஓய்வுபெற்ற தளபதி. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீரை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்பு காட்ட வேண்டுமென்றால் பெயரோடு 'ஜான்' சேர்ப்பார்.

"நுஸ்ரத் ஜான், ஊரெல்லாம் சுத்திப் பேர் கொண்டுவர்றீங்க. உங்க வீட்டிலயே ஒருத்தன் இருக்கானே. உங்க தம்பி மஹ்யார். நாங்க யாரும் இதுவரைக்கும் யோசிக்கவே இல்ல பாருங்க."

"குரல் கொடுத்துச் சொல்லிப் பாருங்க, மஹ்யார். நல்லா விழுது," என்றார் ஹாஜி ஆகா ஃபெஹ்ரி. குழுவின் மதகுரு அவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒருவருடைய கைக்கடிகாரத்தை அழகாக இருக்கிறது என்று சொன்னால் அவர் உடனே கழற்றி நீட்டுவார்: உங்களுடையதுதான், வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டியவர் கூடாது கூடாது என்பார். மூன்று முறை இவர் நீட்ட, மூன்று முறை அவர் மறுக்க, கடிகாரம் உரியவர் மணிக்கட்டுக்கே திரும்பிவிடும். இதுவரை யாரும் அதை வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. தாய்ப்பாலோடு கற்ற பழக்கம். வாய் தானாகவே சொல்லும். என் வாயும் சொன்னது.

"அவன் உங்க பிள்ளைதானே, சர்தார். பேரென்ன பெரிசு? உங்களுக்கு இல்லாததா?"

நான் காத்திருந்தேன். சர்தார், அது எப்படி, அம்மாவைக் கேட்க வேண்டாமா, அவ்வளவு பெரிய பொருளை நாங்கள் எப்படி வாங்குவது என்றெல்லாம் சொல்ல வேண்டும். நான் மறுபடி நீட்ட வேண்டும். அவர் மறுபடி தள்ள வேண்டும்.

"எழுதிக்குங்க," என்றார் அவர் எழுத்தரிடம்.

எழுத்தர் மீர்ஸாயி எழுதினார். அதே வரி. என்னிடமிருந்து கற்ற வரி. ஹாஜி ஆகா எழுந்துவந்து என் தோளில் முத்தமிட்டார். பொறியாளர் தொலூயி மட்டும், அந்த மேசையில் ஆயுதத்தைக் கையால் செய்கிற ஒரே ஆள், படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"சோதனையில மூணு தடவை விழுந்திருக்கு. கடைசித் தடவை ஆட்டுப்பட்டியில."

"சரியாயிடும், இன்ஜினியரம்மா," என்றார் சர்தார். "பேர் வைச்சாச்சுல்ல."

வீட்டுக்கு நடந்தே போனேன். எங்கள் சந்துக்கு மஹ்யார் சந்து என்றுதான் பெயர். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. அந்தப் பெயரில் எங்களுக்கு வருத்தம் இருந்ததில்லை. எரிவாயு சிலிண்டர்காரன் முதல் ரொட்டி கொண்டுவருகிறவன்வரை அதைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். பத்தொன்பது வயதில் போர்முனையில் தண்ணீர் லாரி ஓட்டியவன் அவன். கையில் துப்பாக்கி பிடித்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. லாரி வரவில்லை, அவனும் வரவில்லை. ஒரு சந்து அவன் பெயரில் கிடப்பது பொருத்தமாகத்தான் இருந்தது. சந்து எங்கும் போவதில்லை. யாரையும் கொல்வதில்லை.

அம்மா கூடத்தில் துணி விரித்து, தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டே வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எண்பத்துநாலு வயது. விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும்வரை செய்திதான் பார்ப்பாள். மஹ்யார் வராத அன்றிலிருந்து அப்படி. எதிரே உட்கார்ந்து நானும் கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்தேன். பிறகு மஹ்யார் பெயரை வைக்கப்போவதைச் சொன்னேன், சோதனையில் அது ஆட்டுப்பட்டியில் விழுந்ததையும்.

அவள் கை நிற்கவில்லை.

"அது போயிட்டுத் திரும்பி வருமா?"

"வராதும்மா."

"அப்ப அவன் பேர் வேணாம். ஒருதடவை திரும்பி வராம இருந்தது போதும்." ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள். "யார் சரின்னு சொன்னது?"

"நான்தான். மரியாதைக்குச் சொன்னேன்."

"அவங்க மறுக்கலயா?"

"இல்ல."

"ஒருதடவை கூடவா?"

நான் இன்னொரு தண்டைக் கிள்ளினேன். அவள் கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். என்னை எடைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இந்தப் பெட்டியில, மஹ்யார் போய் பதினாலு பேரைக் கொன்னான்னு ஒருத்தி கடைச் சீட்டு படிக்கிற மாதிரி படிப்பா. நான் கீரை ஆஞ்சுக்கிட்டு அதைக் கேக்கணும். இல்லன்னா மஹ்யார் ஆட்டுப்பட்டியில விழுந்தான்னு யாராவது சிரிப்பான். எதைக் கேக்கச் சொல்ற நுஸ்ரத்?" என்றாள். "போ. போய் அவனைக் கூட்டிட்டு வா."

அந்த வாரம் முழுக்க நான் தூங்கினேனா என்று நினைவில்லை. ஆனால் ஒரு முகம் நினைவில் வந்துகொண்டே இருந்தது. போரூஜெர்த் என்ற ஊரில், பதினொரு பேரில் ஒருவனான ஸைஃபுல்லாவின் அம்மா. சீமை மாதுளைப்பழ மிட்டாய் வைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும், "இதுல என்ன கேக்குறது, அவன் உங்க பிள்ளைதானே," என்றாள். நான் நன்றி சொல்லிப் படிவத்தை எடுத்தேன். வாசல்வரை வந்து அவள் நின்றாள். ஏதோ மறந்துவிட்டவள்போல, நான் ஏதோ சொல்லாமல் விட்டதுபோல. கார் திரும்பும்வரை நின்றாள். முதுகுவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த செவ்வாய் நான் சீக்கிரமே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். தேநீர் வந்ததும் சொன்னேன்.

"சர்தார், என் அம்மாவுக்கு அந்தப் பேர்ல விருப்பமில்ல."

அவர் உடனே நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். அந்தக் குனிவை எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லப்போகிறவர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள்.

"அம்மா சொன்னா எங்க தலைமேல, நுஸ்ரத் ஜான். அவங்க கால்மண் நாங்க. ஒரு பேர் என்ன, அம்மா மனசு நோகுறதுன்னா என் பேரை வைங்க. என் மகன் அர்ஸலான் பேரை வைங்க, அவன் அம்மாவுக்காக ஆயிரம் தடவை—"

"ஏத்துக்கிட்டேன்," என்றேன். "ரொம்ப நன்றி சர்தார். மீர்ஸாயி, எழுதிக்குங்க. மஹ்யாரை அடிச்சுட்டு அர்ஸலான். குடும்பத்தார் மகிழ்வுடன் இசைந்தனர்."

மீர்ஸாயியின் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. சர்தாரின் விரல்களில் சர்க்கரைக் கட்டி நின்றது. அவருடைய மகன் அர்ஸலான் உயிரோடிருப்பவன். டொரன்டோவில் வீடுகளுக்குச் சமையலறை அலமாரி விற்கிறான். அதைச் சர்தார் ஒரு நாளும் மேசையில் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

"பேர் நல்லாத்தான் இருக்கு," என்றாள் தொலூயி மெதுவாக. "வெள்ளிக்கிழமை மறுபடி சோதனை. அர்ஸலான் விழுந்துட்டான்னு ரேடியோவில சொல்லணுமா?"

ஹாஜி ஆகா ஜெபமாலையைக் கீழே தவறவிட்டு, அதை எடுக்க மேசைக்கடியில் குனிந்தார். வெளியே வர அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. அவர் முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன்.

சர்தார் தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"நானும் பேச்சுக்குத்தான் சொன்னேன், போன வாரம்."

கீழே தெருவில் ஒரு பேருந்து கடந்து போனது. அவர் கண்ணில் முதலில் கோபம் வந்தது. அது போனபிறகு வந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மகனின் பெயரை அந்தப் படத்தின்மேல் வைத்துப் பார்த்துவிட்டார். ஒரு கணம்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு பக்கத்தையும் கிழிச்சுடுங்க," என்றார் மீர்ஸாயியிடம். "இடி மூணுன்னு போடுங்க. இடி ரெண்டு வரைக்கும்தானே வந்திருக்கு?"

"ஆமா சர்தார்."

மீர்ஸாயி கிழித்தார். நான் எழுந்திருக்க வேண்டிய நேரம். தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் உட்கார்ந்தே இருந்தேன்.

"இன்னும் பதினொண்ணு இருக்கு, சர்தார். அவங்களும் மரியாதைக்குத்தான் சொன்னாங்க. நான்தான் ஒருதடவைகூட மறுக்காம வாங்கிட்டு வந்தேன். அதையும் கிழிக்கணும்."

அவர் என்னை முதன்முறையாக அகராதிக்காரனாகப் பார்க்காமல் ஓர் ஆளாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, களைத்த சிரிப்பு.

"அந்தப் பதினோரு அம்மாவும் இந்த மேசையில வந்து உக்காரலயே, நுஸ்ரத் ஜான். நீங்க உக்காந்திருந்தீங்க. அதான் உங்களுக்குக் கிடைச்சுது."

அந்த அறையில் ஏழு வருடத்தில் நான் கேட்ட ஒரே உண்மையான வாக்கியம் அது.

அடுத்த செவ்வாய் என்னை அழைத்துப்போகக் கார் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. கடிதம் எதுவும் அனுப்பவில்லை. எங்கள் ஆட்கள் அவ்வளவு மரியாதையானவர்கள்.

அம்மாவிடம் பெயர் திரும்பிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நண்பகலில், நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியில் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாள். ஸைஃபுல்லா நள்ளிரவில் ஏவப்பட்டது, இலக்கைத் துல்லியமாகத் தாக்கியது, எதிரிகள் பலர் பலி. பின்னால் புகை எழும் படம் காட்டினார்கள்.

அம்மா உரிப்பதை நிறுத்தினாள்.

"இந்தப் பையனுக்கு அம்மா இருக்காளா?"

"போரூஜெர்தில இருக்காங்க."

"இதைப் பாப்பாளா?"

கூடத்தில் அந்தக் குரல் மட்டும் படித்துக்கொண்டே போனது. அம்மா பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தேன். அணைத்தபிறகும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போரூஜெர்துக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவரக் கிளம்பினேன். ஸைஃபுல்லாவின் அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாசலில் அவள் எனக்காக நின்ற அளவு நேரமாவது நான் நிற்க வேண்டும்.