இத்தாலிப் பாட்டு பாடியவள்

...குரல் உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் பின்னால் நிற்கும் வெள்ளைக்காரன் அம்மாவின் தோள்களைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறான், குரல் இறங்கியதும் மறுபடி முன்னால் தள்ளுகிறான், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் குழாயின் வாயில் அம்மாவின் மூக்கு இடித்துவிடுமோ என்று கிளேமான்ஸுக்குப் பதறுகிறது, பதறி என்ன செய்ய, அவள் அப்போது பிறக்கவே இல்லை, அம்மாவுக்கே அப்போது கல்யாணம் ஆகவில்லை, மதராஸில் ஒரு ஹோட்டல் அறை, சன்னலெல்லாம் கம்பளி தொங்குகிறது, மைக் என்ற ஒன்று அந்த அறைக்கு இன்னும் வரவில்லை, குழாய்க்குள் பாடுவது மெழுகுத் தட்டில் பதியும், சத்தம் கூடினால் ஊசி துள்ளித் தட்டு வீணாகிவிடும், அதற்காகத்தான் இந்த இழுப்பும் தள்ளலும், மாவு பிசைகிற மாதிரி பிசைஞ்சான்டி என்னை, என்று அம்மா சொல்லிச் சொல்லி, அந்த அறையில் தானும் ஒரு மூலையில் நின்றதாகவே கிளேமான்ஸுக்கு ஆகிவிட்டது, வேண்டுமானால் அந்தக் கம்பளியின் நிறத்தைக்கூடச் சொல்வாள், கேட்கத்தான் ஆளில்லை.

இன்று ஆள் வந்திருக்கிறது, பாரீஸிலிருந்து, செந்தூரன் என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பிள்ளை என்ன, தலையில் பாதி வழுக்கை, பழைய இத்தாலிய இசைநாடகத் தட்டுகளைச் சேர்த்து வைக்கும் நிலையத்தில் வேலை, பெரிய பாடகர்களின் அந்தக்காலப் பதிவுகளையெல்லாம் இரைச்சல் நீக்கித் தொகுதி தொகுதியாக வெளியிடுகிறார்களாம், அதில் சிஞ்ஞோரா ஒர்செல்லா என்ற பாடகியின் பாட்டு ஒன்றைப் பற்றிப் புதுச்சேரியில் ஒரு வயதான அம்மா ஏதேதோ சொல்கிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டு, இந்த வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான், காப்பி குடி தம்பி, ஆறிப்போவுது, என்கிறாள் கிளேமான்ஸ், ஓம் அன்ரி, முதல்ல இதைக் கேளுங்கோ, என்று மடிக்கணினியைத் திறந்து போடுகிறான், பாட்டு வருகிறது, துடைத்து வைத்த வெண்கலக் குத்துவிளக்கு மாதிரி, ஒரு கீறல் இல்லை, ஒரு இரைச்சல் இல்லை, அம்மா, இருபத்திரண்டு வயசு அம்மா, மீன் கழுவும்போதும் துணி பிழியும்போதும் பாடிய அதே பாட்டு, இந்த உச்ச இடத்தைப் பற்றி மட்டும் ஒராள் புத்தகமே எழுதியிருக்கிறார் அன்ரி, ஒர்செல்லா பாடினதிலயே இதுதான் உச்சம் எண்டு சொல்லுகினம், என்கிறான் அவன், கிளேமான்ஸுக்கு நெஞ்சு நிமிர்கிறது, நிமிர்ந்த வேகத்திலேயே பற்றிக்கொண்டும் வருகிறது, புத்தகமாம், எவளுக்கோ.

ஏனென்றால் ஒர்செல்லாவுக்கு அன்று தொண்டை இல்லை, கொழும்பில் கப்பலேறி ஊர் ஊராக ஆடிக்கொண்டு வந்த இத்தாலிய நாடகக் கம்பெனி புதுச்சேரியில் இறங்கியபோது, பின்பாட்டுக்கு ஆள் போதவில்லை என்று கோயில் பாட்டுக்குழுவில் தேடினார்கள், லத்தீன் பூசைப் பாட்டெல்லாம் தண்ணீர்பட்ட பாடாக வைத்திருந்த மதலேன், அதாவது அம்மா, கிடைத்தாள், காவலுக்கு அவளுடைய அண்ணன் சேசுராசும் மதராஸ் வரை கூடவே போனார், மதராஸ் வெயிலும் தூசியும் சேர்ந்து நாயகிக்குத் தொண்டை கட்டி, பேசினால் தவளை கத்துகிற மாதிரி ஆகிவிட்டது, அவள் பாட்டைப் பதிய வந்த ரெக்கார்டுக் கம்பெனிக்காரர்களோ மறுநாள் கப்பல் ஏற வேண்டும், நாடகக் கம்பெனி முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பின்வரிசையில் நின்று தினமும் கேட்டுக் கேட்டே முழுப் பாட்டையும் பாடம் பண்ணியிருந்த அம்மா, நான் பாடட்டா, என்று கேட்டாள், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, கடைசிவரை தெரியாது, தெரிஞ்சா மட்டும் என்னா, அழுவுறாளா சிரிக்கிறாளான்னு குரல்லயே தெரியுதே, என்பாள். தட்டின்மேல் ஒர்செல்லாவின் பெயரைத்தான் அச்சடிப்போம் என்று முதலாளி முன்கூட்டியே பிரெஞ்சில் சொல்லிவிட்டான், அம்மாவும் தலையாட்டினாள், பாடினாள், பக்கவாத்தியமெல்லாம் ஓய்ந்தது, ஓய்ந்த பிறகுதான் அந்த வினை நடந்தது.

அந்தக் காலத்தில் நம்மூர் நாடகக்காரர்கள் ரெக்கார்டு கொடுக்கும்போது பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே சொல்லிவிடுவார்கள், எங்கோ கடல் தாண்டிப் போய் அச்சாகிற தட்டு, யார் பாடியது என்று அங்கே இருக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா, அதற்காக, பக்கத்து வீட்டில் அப்படிப்பட்ட தட்டுகளையே கேட்டு வளர்ந்தவள் அம்மா, ரெக்கார்டு என்றால் கடைசியில் பேர் சொல்லணும் போலிருக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்டி, இதுதான் அம்மா சொன்ன கதை, ஆயுசு முழுக்க இதையே சொன்னாள். குழாய்க்குள் மதலேன் என்ற பெயர் போனதைக் கேட்டு முதலாளி குதித்தான், இன்னொரு மெழுகுத் தட்டு கையில் இல்லை, விற்பனைக்கு அச்சடித்ததில் அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குமுன் சரிபார்க்கவென்று அடித்த, பெயர் அச்சிடாத வெள்ளைச் சீட்டுத் தட்டு ஒன்றை, என்ன நினைத்தானோ, மனசு கேட்காமல் அவன் அம்மாவுக்கே அனுப்பி வைத்தான், ஹோட்டல் வாசலில் நின்ற சேசுராசு மாமாவிடமோ அன்றைக்கே கத்தித் தீர்த்திருந்தான், மாமா, தட்டு வீட்டுக்கு வந்ததும், கூத்தாடி மாதிரி பேரச் சொன்னியாமே, கோயில்ல எப்படித் தலை காட்டுறது, பாட்டு வேணா கேட்டுக்க, அந்தப் பேச்சு இந்த வீட்ல கேக்கக் கூடாது, என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறி அடுப்பில் கொதிக்க, அம்மா கிராமபோனுக்குச் சாவி கொடுக்கிறாள், கிளேமான்ஸ் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்கிறாள், பாட்டு ஓடுகிறது, அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள், கடைசி வயலின் இழுப்பு அடங்குவதற்கும் அம்மாவின் கை ஊசியைத் தூக்குவதற்கும் சரியாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இருக்கேம்மா, விடேன், என்று இவள் கெஞ்சுகிறாள், இருக்கட்டும் இருக்கட்டும், கறி தீஞ்சிடும், என்று அம்மா எழுந்து போகிறாள், மாமா செத்துப் போன பிறகும் அந்தக் கை தூக்கத்தான் செய்தது, பழக்கமோ பயமோ, யார் கண்டது. ஆனால் கிளேமான்ஸ் சும்மா இருந்தாளா, பள்ளிக்கூடத்தில் சொன்னாள், தபாலாபீஸ் வேலைக்குப் போன பிறகு அங்கே சொன்னாள், தெரு முழுக்கச் சொன்னாள், இத்தாலிக்காரனே வாய் பிளந்து கேக்குறது எங்கம்மா குரலத்தான், ஆமாமா, இத்தாலியே உங்க வீட்டுக் கொல்லையிலதானே இருக்குது, என்று தெருவே சிரிக்கும், சிரிக்கட்டும், இவளுக்குத் தலைக்கனம் ஒரு இம்மி குறைந்ததில்லை. ஒரே ஒரு தடவை குறைந்தது, மாமா படுக்கையில் கிடந்தபோது, நான் வாசல்லதான்டி நின்னேன், உள்ள யாரு பாடுனாங்கன்னு எனக்கென்னா தெரியும், உங்கம்மா கும்பலோட நின்னு பாடியிருப்பா, அதுக்கே பேரு சொல்லியிருப்பா, என்றார், பிறகு அம்மாவும் போனாள், கிராமபோனின் வில்லும் அறுந்தது, தட்டு மட்டும் புடவைக்குள் சுற்றிப் பீரோவில் இருந்தது, வேறு மெஷினில் போட்டுப் பார்க்கலாமே என்று எத்தனை பேர் கேட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டாள், பயம்தான், வேறென்ன, போட்டுப் பார்த்து அங்கே ஒன்றுமில்லை என்றால் அம்மா பொய்க்காரி, இவள் ஊர் சிரித்த பைத்தியக்காரி.

பிழையா நினைக்காதேங்கோ அன்ரி, என்கிறான் செந்தூரன், உங்கட கதை எனக்குச் சரியாப் பிடிச்சிருக்கு, ஆனா ஆதாரம் இல்லாமல் பேரை மாத்தேலாது, அடுத்த மாசம் தொகுதி வெளிய வருது, பிறகு ஒருத்தரும் திருத்த மாட்டினம், அந்தத் தட்டை ஒருக்கா என்ர மெஷினில போட்டுப் பாப்பமே. கிளேமான்ஸ் அவன் கொண்டுவந்த பெட்டியைப் பார்க்கிறாள், மேசையைப் பார்க்கிறாள், சுவரில் அம்மாவின் படத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை, இல்லாம போனா என்னா தம்பி பண்ணுவ, என்று கேட்கிறாள், அவன் கொஞ்சம் யோசித்து, ஒண்டும் செய்யமாட்டன், உங்கட கோப்பியைக் குடிச்சிட்டுப் போவன், என்கிறான், பொய்யாக ஆறுதல் சொல்லாததாலேயே அவனை இவளுக்குப் பிடித்துவிடுகிறது, எழுந்து போய்ப் பீரோவைத் திறக்கிறாள், புடவைச் சுருளைப் பிரிக்கிறாள்.

தட்டு சுழல்கிறது, ஊசி இறங்குகிறது, ஐயோ, பாட்டே இல்லை, வாணலியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம், அதற்கடியில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல், உச்சம் வரும் இடத்தில் வெறும் கரகரப்பு, அம்மா கேட்டுக் கேட்டே தன் குரலைத் தானே தேய்த்துத் தீர்த்திருக்கிறாள், செந்தூரன் உதட்டைக் கடித்துக்கொள்கிறான், இது ஆரெண்டு கண்டுபிடிக்கேலாது அன்ரி, எல்லாம் தேஞ்சு போச்சு, என்று மெதுவாகச் சொல்கிறான், கிளேமான்ஸின் இத்தனை வருஷத்துத் தலைக்கனமும் எண்ணெயில் பொரிகிறது, வயலின் இழுப்பு ஒரு நூலாக வந்து அடங்குகிறது, அவளுடைய கை, அவளைக் கேட்காமலே, ஊசியைத் தூக்க எழுகிறது, செந்தூரன் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறான், விடுங்கோ, ஓடட்டும்.

ஊசி தாண்டியது. கொதிப்புச் சத்தம் கத்தரித்தாற்போல நின்றது, எந்த ஊசியும் ஒருநாளும் போகாத இடம் அது, நேற்று அச்சடித்தது போல் புதுசாக இருந்தது, ஒரு பெண் மூச்சு இழுப்பது கேட்டது, பாடிக் களைத்த மூச்சு, யாரோ தோளைத் தொட்டு இழுத்திருக்க வேண்டும், துணி உரசும் சத்தம், அதை உதறிவிட்டுக் குழாய்க்கு மிக அருகில் வந்து, வாய் தவறியவள் குரல் இல்லை, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, பச்சைத் தமிழில், அங்கிருந்த வெள்ளைக்காரன் ஒருவனுக்கும் விளங்காத தமிழில், இதப் பாடினது இத்தாலிக்காரி இல்ல, புதுச்சேரி மதலேன், நாந்தான், என்று சொன்னாள் அம்மா, சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

செந்தூரன் தலையில் கை வைத்துக்கொண்டான். கிளேமான்ஸ் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், வாய் தவறிச் சொன்னாளாமே, அடி கள்ளி, அண்ணனுக்குப் பயந்து என்கிட்டயே கதை விட்டுட்டியே, தலையாட்டிவிட்டு உள்ளே போய் எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு வந்தவளை, வாயில்லாப் பூச்சி என்று நினைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோமே என்று பெருமை பொங்கியது, தெருவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அப்ப பேரை எப்பிடிப் போடுறது அன்ரி, மதலேனம்மாள் எண்டா, மதலேன் எண்டா, என்று செந்தூரன் கேட்டான், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மா சொன்னத அப்படியே போடு தம்பி, ஒரு வார்த்தகூடக் குறைக்காத, இத்தாலிக்காரி இல்லன்னு சொன்னா பாரு, அதையும் சேத்து, என்றாள் கிளேமான்ஸ்.