மாமா ஊதிய நாசில்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை சுட்டது. அக்காவின் கணவர், எனக்கு மாமா, வயல்களில் கூலிக்குப் பூச்சிமருந்து அடிப்பவர். போன வாரம் கதைக்கு விஷயம் தேடி அவர் பின்னாலேயே வயலில் நடந்தேன். தெளிப்பானின் முனையில் இருக்கும் நாசில் அடைத்துக்கொண்டது. கழற்றினார், வாயில் வைத்து ஊதினார், துப்பினார், மாட்டினார். ‘அருமையான காட்சி’ என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். காற்று என் பக்கம் திரும்பியதில் தாளெல்லாம் மருந்தின் ஈரப் புள்ளிகள்.

(ஊதாதீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிடாதீர்கள்.)

2
முதல் வரி: ‘தவளைகள் மௌனவிரதம் பூண்ட வாய்க்காலில்...’

(அலங்காரம். அடித்துவிட்டேன். ஆனால் தவளை இல்லாதது நிஜம். மீன்கள் வயிறு தெரிய மிதந்ததும் நிஜம்.)

இன்னொன்று: ‘அவருடைய கை நடுங்கத் தொடங்கியபோது...’

இதற்கு மேல் ஓடவில்லை.

3
இருபது வருட அனுபவசாலி நாசிலை வாயால் ஊதுவாரா? வாசகர் நம்புவாரா? சந்தேகம் தீர அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அதை ஏன் கேக்கற! எல்லாரும் அப்படித்தான் ஊதறாங்க. ரெண்டு நாளா மனுஷனுக்குச் சட்டைப் பட்டன் போட வரலை, கை நடுங்குது. வெயில்தான்னு சாதிக்கிறார். நீ சொன்னா கேப்பாருடா.”

நடுங்கும் கையை நான் எழுதியது நேற்று. அக்கா சொன்னது இன்று.

4
முடிவு அ: டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கிறார், பிறகு மாமாவை...

முடிவு ஆ: வெயில்தான். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

(ஆ பிடித்திருக்கிறது. நானே நம்பவில்லை.)

5
மாமாவையே கூப்பிட்டேன்.

“மாமா, இனிமே நாசிலை வாயால ஊதாதீங்க. விஷம் அது.”

“அன்னிக்குப் பக்கத்துலதானே நின்ன மாப்ள? அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“எழுதிட்டிருந்தேன் மாமா.”

“சரி, கதையில எனக்கு என்ன ஆகுது?”

“டாக்டர்கிட்ட போறீங்க.”

“கதையிலயா?”

“இப்பவே. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

அதனால் இத்துடன் எழுந்துகொள்கிறேன். அ, ஆ இரண்டும் உங்களிடம் இருக்கட்டும். வேறு நல்ல முடிவு தெரிந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பச் சட்டையை மாட்டினேன். மேல் பட்டன் ஓட்டைக்குள் போக மறுக்கிறது. பயத்தினால்தான் கை நடுங்குகிறது என்று சாதித்துக்கொண்டிருக்கிறேன்.