மாமனாரின் காதுக்கு ஏற்ற ஃபில்டர்

அன்றைக்குக் காலையில் ஷெட்டில் இருந்தவர்கள்: லாரி டிரைவர், அவன் மனைவியின் தம்பியான மச்சான், மச்சானின் கையில் சிவப்பாக ஒரு கூம்பு, கேபின் முன்பக்கம் கவிழ்ந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்ற லாரி. மாமனார் மாடியில் இருந்தார். அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை; அவர் எங்கே இருந்தாலும் எல்லா இடத்திலும் இருப்பது மாதிரிதான்.

லாரி மாமனாருடையது. வீடும் அவருடையது. டிரைவர் சாப்பிடுகிற தட்டு, படுக்கிற கட்டில், மேலே சுற்றுகிற ஃபேன் எல்லாமே அவருடையவை. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனுக்கு மிஞ்சியது லாரியின் கேபின் ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டால் காலை நீட்டலாம், பாட்டை அலறவிடலாம், மாமனாரை அவருக்குப் பொருத்தமான பெயர்களால் அழைக்கலாம்.

அதற்கும் வேட்டு வந்திருந்தது. குவாரி மேட்டில் லாரி திணறி, ஜல்லி லோடு தாமதமாகப் போகிறது என்று புகார். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "நாளையிலேருந்து நானும் கூட வரேன். வண்டி மக்கரா, மாப்ள மக்கரான்னு பாத்துடறேன்."

டிரைவர் ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு, விடிந்ததும் மச்சானைப் பிடித்தான்.

"வண்டிக்கு மூச்சு முட்டுது அத்தான்," என்றான் மச்சான். "மூக்கைப் பெருசாக்கிட்டா பிச்சிக்கிட்டு ஓடும். என்கிட்ட சாமான் இருக்கு."

கேபினுக்குப் பின்னால் உயரத்திலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துவந்த குழாயையும், காகித ஃபில்டர் இருந்த கறுப்பு டப்பாவையும் கழற்றிக் கடாசினான். அவற்றுக்குப் பதிலாக இன்ஜினை ஒட்டினாற்போல் சிவப்புக் கூம்பு ஃபில்டரை மாட்டினான். கூடவே ஒரு சின்ன பாட்டில் எண்ணெய் வந்திருந்தது. ஃபில்டர் துணியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டியது. மச்சான் பாட்டிலைக் கவிழ்த்துப் பின்பக்கத்தைத் தட்டினான்.

"டேய், போதும்டா."

"எண்ணெய்ல போய் கஞ்சத்தனமா அத்தான்?"

கேபினை இறக்கிச் சாவியைத் திருப்பினார்கள். கூம்பு காற்றை உறிஞ்சிய உறிஞ்சில் ஷெட்டின் தகரக் கூரை நடுங்கியது.

மாமனாரும் ஒரு காலத்தில் டிரைவர்தான். ஹாரன்களும் இன்ஜின்களும் சேர்ந்து அவர் காதுகளைத் தின்றுவிட்டிருந்தன. மாமியார் தொண்டை கிழியக் கத்தினாலும் "சரி, போடு" என்பார், எதைப் போடச் சொல்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் வாயில் பிரஷ்ஷும் நுரையுமாகப் படியிறங்கி வந்து நின்றார்.

"என்னடா இது, கேக்குது! யார் வண்டி?"

"உங்க வண்டிதான் மாமா."

"என்னது?"

"உங்க வண்டி!"

லாரியின் முகப்பைத் தடவினார். பெற்ற பிள்ளைகளை அவர் அப்படித் தடவியதாக யாரும் சொன்னதில்லை. கூட வருவதாகச் சொன்னதே மறந்துபோய்ப் பரவசத்தில் நின்றார். டிரைவர் அந்த இடைவெளியில் லாரியைக் கிளப்பிக்கொண்டு தப்பினான்.

குவாரி மேட்டில் ஜல்லியோடு ஏறும்போது சாயம் வெளுத்தது. சத்தம் வானத்தில் இருந்தது; சக்கரம் நத்தையோடு போட்டி போட்டது. பின்னால் கரும்புகை. ஒரு டிராக்டர் அவனை முந்திக்கொண்டு போனது. "அண்ணே, பிரசவ வலியா?" என்று அதிலிருந்து ஒருத்தன் கேட்டான்.

ஒருவழியாக மேடேறி, லோடைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, டிரைவர் கேபினைக் கவிழ்த்துப் பார்த்தான். கூம்பைச் சுற்றி அடுப்பு மாதிரி அனல். வண்டி தன் சூட்டைத் தானே குடித்துக்கொண்டிருந்தது. உள்குழாயில் விட்ட விரல் வழவழப்போடு வெளியே வந்தது. மச்சானின் தாராளம் ஃபில்டரைத் தாண்டிப் போய், காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து அதன் கணக்கைக் குழப்பியிருந்தது.

மத்தியானம் ஷெட்டுக்குத் திரும்பியதும் கேட்டான்: "பழைய டப்பாவ எடுடா."

"பழைய சாமான் கடைல போட்டுட்டேனே."

"எப்படா?"

"நீங்க கிளம்பினதும். இனிமே அது எதுக்குன்னு..."

"உன்னையும் சேத்துப் போட்டிருக்கணும்டா. ஓடிப்போய் வாங்கிட்டு வா!"

மச்சான் ஓடுவதற்குள் மாமனார் வந்துவிட்டார். "எங்கடா ஓடற?"

"வண்டி இழுக்கல மாமா!" டிரைவர் அவர் காதருகே கத்தினான். "பழசையே மாட்டிடலாம்!"

மாமனாரின் முகம் சுருங்கியது. "இழுக்கலையா? இந்த உறுமு உறுமறது இழுக்கலைன்னா, மேல உக்காந்திருக்கறவன்தான் சரியில்லை. அந்தச் சிவப்பைத் தொட்டான்னா எவனா இருந்தாலும் கையை உடைப்பேன். நான் கூட வந்து பாக்கறேன்."

டிரைவர் சட்டென்று பல்டி அடித்தான். "ஐயோ மாமா, சும்மா சொன்னேன். இழுக்குது! பறக்குது! நீங்க வரவே வேணாம்!"

"பறக்குதா?" மாமனாரின் கண்கள் விரிந்தன. "அப்போ கட்டாயம் வரணுமே."

வீட்டுக்குள் போய்த் தலையணையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துவந்தார். ஒரு நாள் விஷயமாகத் தெரியவில்லை. தலையணைக்கு மாற்று உறை வேறு வைத்திருந்தார். மச்சான் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து அவரைக் கேபினில் ஏற்றினான்.

"அந்தப் பாட்டை நிறுத்து மாப்ள. இன்ஜின் கேக்கணும். காலை மடக்கு, நான் நீட்டணும்."

டிரைவர் மச்சானைப் பார்த்தான். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே கதவை ஓங்கிச் சாத்தினான். மாமனார் லாக்கை அழுத்தினார்.