அடக்கிய இருமல்

சிமெண்ட் ஆலையில் வருடாவருடம் நடக்கும் உடல் பரிசோதனைக்கு அப்பா வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டுதான் போவார். இருமினால் வேலை போய்விடும். குடல் கட்டியை அகற்றும் ஆபரேஷனுக்கு முந்தின நாளும் அவர் கன்னம் உப்பியிருந்தது.

மயக்க மருந்து டாக்டரின் படிவத்தை நான்தான் நிரப்பினேன். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதானே. ‘கடந்த ஒரு மாதத்தில் சளி, இருமல் உண்டா?’

“இல்லைன்னு போடும்மா. தள்ளிப் போட்டாங்கன்னா மறுபடி லீவு யாரு தருவா?”

“மூணு வாரமா லொக்கு லொக்குன்னு இருமுறீங்களேப்பா!”

“அறுக்கப்போறது வயித்தை. நெஞ்சைப் பத்தி அவங்களுக்கென்ன? படிச்ச புள்ள, பார்த்து எழுது.”

பார்த்துத்தான் எழுதினேன், ‘இல்லை’ என்று. டாக்டர் ஒவ்வொரு பதிலுக்கும் உள்ள ஆபத்து மார்க்கைக் கூட்டி, நுரையீரலுக்கு ஆபத்து குறைவு என்று கையெழுத்திட்டார். நிமிர்ந்து அப்பாவைப் பார்க்கக்கூட இல்லை.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் நிமோனியா வந்தது. இன்று வென்டிலேட்டரில் ஒன்பதாம் நாள்.

படிவத்தைக் காட்டி அதே டாக்டர் சொன்னார்: “இருமல் கேள்வி ஒண்ணுக்கே பதினேழு மார்க்மா. உண்மையைச் சொல்லியிருந்தா நெஞ்சைச் சரிபண்ணிட்டுத்தான் கத்தியை எடுத்திருப்போம்.”

“இனிமே?”

டாக்டர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் குழாயால் சளியை உறிஞ்சியபடி அப்பாவின் காதருகே குனிந்து கெஞ்சுகிறாள். “இருமுங்கய்யா. ஒரே ஒரு தடவை இருமுங்க.”

அவரால் முடியவில்லை.