துர்காதேவி கட்டிய ராணி வேஷம்

என் மனைவி அனு கட்டிய ராணி வேஷத்தை, அவள் இறந்த மறுவருஷம் துர்காதேவி கட்டினாள். விடிந்து கூத்து முடிந்ததும் டீக்கடையில் அதே பேச்சு.

"அனு பாடினா பக்கத்து ஊரு கூரம் வரைக்கும் கேக்கும்பா. இதுக்குக் குரலே எழும்பல," என்றார் வாத்தியார் வீரபாகு. அடுத்த கூத்தில் யாருக்கு எந்த வேஷம் என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

பாதி அரிதாரம் கலைத்த முகத்தோடு துர்காதேவி பின்னால் நின்றிருந்தாள்.

"நீ சொல்லுப்பா, யாரு உசத்தி?"

அனுவின் புருஷன் என்பதால், என் மனசுக்காகத்தான் வீரபாகு என்னைக் கேட்டார்.

"குரல் அனுதான். ஆனா மகன் செத்த காட்சியில அவ கத்தும்போதெல்லாம், தொண்டை கட்டிக்குமேன்னு அவளையே பாத்துக்கினு இருப்பேன். ராணியை இன்னைக்குத்தான் பாத்தேன். அழுகை வந்துடுச்சு."

வீரபாகு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வாம்மா, டீ குடி," என்றார்.